வரிசையில் நின்றால் கூட்டு

கரையான்சாவடியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நடந்த தனிப்பயிற்சி மையத்தின் சுவரில், பச்சை ஆயில் பெயிண்டால் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: ‘வரிசையில் நின்றால் கூட்டு, பக்கத்தில் நின்றால் தலைகீழ்.’ மின்சுற்றிலுள்ள தடைகளின் தொகுபயனை, அதாவது மொத்த மதிப்பைக் கண்டுபிடிக்க மையத்தின் உரிமையாளர் ஹேமநாதன் அவர்கள் வகுத்த சூத்திரம் அது. தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் தொடர் இணைப்பு, மதிப்புகளை அப்படியே கூட்டிவிடலாம். பக்கம் பக்கமாக நின்றால் பக்க இணைப்பு, தலைகீழிகளைக் கூட்டித் திருப்பிப் போட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தினமும் ஒரே குரலில் முழங்குவார்கள்.

இயற்பியல் ஆசிரியை கார்த்திகாவுக்கு அந்தச் சுவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆகவே மாதத் தேர்வில் வேண்டுமென்றே ஒரு கணக்கை வைத்தாள். ஆறு ஓம் தடைகள் மூன்று, ரேஷன் கடை வரிசைபோல ஒரே கோட்டில் நின்றன. ஆனால் முதல் தடையின் தொடக்கத்தையும் இரண்டாவதன் முடிவையும் ஒரு கம்பி இணைத்தது. முதல் தடையின் முடிவையும் மூன்றாவதன் முடிவையும் இன்னொரு கம்பி இணைத்தது. கம்பிகளைப் பின்தொடர்ந்து போனால் விடை இரண்டு ஓம். படத்தை மட்டும் பார்த்தால் பதினெட்டு.

ரோஷினி ஒருத்திதான் இரண்டு என்று எழுதியிருந்தாள். சிறப்பு வகுப்பில் மிச்சமிருந்தது ஒரே இடம். அது அவளுக்கா, ஸ்ரீகாந்துக்கா என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஹேமநாதன் அவர்களோ, பதினெட்டே சரி என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டார். ரோஷினியின் அம்மா கார்த்திகாவைக் கைப்பேசியில் அழைத்து, மகள் எங்கே தவறினாள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தயக்கம்தான் கார்த்திகாவை மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏற வைத்தது. தடையை அளந்து காட்ட அவள் நீட்டிய மல்டிமீட்டரை ஹேமநாதன் அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“இன்னாம்மா கார்த்திகா, மூணும் வரிசையா நின்னுகினு கீது. கண்ணு தெரியலையா?”

“படத்துல நிக்குது சார். கரண்ட் படத்தைப் பார்த்துப் போறதில்ல.”

“செவுத்துல எழுதி வெச்சிக்கீறேன். அதைப் பார்த்துதான் புள்ளைங்கள சேக்குறாங்க. நீ வந்து அதைப் பொய்யாக்குவியா?”

பேச்சுக்குப் பேச்சு ‘மன்னிக்கணும் சார்’ என்பவள் அன்று அதைச் சொல்லவில்லை. வகுப்புக்கு வரச் சொன்னாள். அவரும், பிள்ளைகள் முன்னால் இவளை மட்டம் தட்டிவிடலாம் என்ற தெம்பில் பின்னாலேயே வந்தார்.

கரும்பலகையில் அதே படத்தை வரைந்து, ஸ்ரீகாந்தை அழைத்தாள். ரோஷினியை அழைத்தால் சொல்லிக்கொடுத்து வைத்தது என்பார்கள். முதல் முனைக்கு ‘அ’ என்று பெயரிடு, அங்கிருந்து கம்பி எங்கே போனாலும் அதே எழுத்தைப் போடு, தடையைத் தாண்டினால் மட்டும் ‘ஆ’ என்று மாற்று என்றாள். அவன் எழுதினான்: அ, ஆ, அ, ஆ. சாக்பீஸ் அப்படியே நின்றது.

“மிஸ், மூணுமே அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவுலதான் கீது. பக்க இணைப்பு.”

பிறகு ஹேமநாதன் பக்கம் திரும்பினான். காது மடல் சிவந்திருந்தது.

“இன்னா சார் இது? நீங்க சொன்னதைத்தானே எழுதினேன். இப்ப என் சீட்டு போச்சே.”

யாரும் சிரிக்கவில்லை. ஹேமநாதன் அவர்கள் அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப்போனார்.

கார்த்திகா சிறப்பு வகுப்புக்கு ரோஷினியின் பெயரைப் பலகையில் எழுதினாள். வென்றதாக அவளுக்குத் தோன்றவில்லை. ரோஷினி முன்பெஞ்சுக்கு வந்தாள். ஸ்ரீகாந்த் பையைத் தூக்கிக்கொண்டு, எவர் முகத்தையும் பார்க்காமல் கடைசி பெஞ்சுக்குப் போனான். சுவரை நம்பியதைத் தவிர அந்தப் பையன் செய்த பிழை என்ன? அவரைப் பிடிக்க வைத்த பொறியில் இவனல்லவா சிக்கினான்?

அவள் டஸ்டரைத் தண்ணீரில் முக்கி எடுத்து, சுவரில் ‘கூட்டு’ என்ற சொல்லின்மீது வைத்துத் தேய்த்தாள். ஆயில் பெயிண்ட் அசையவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோள்பட்டை வலிக்க வலிக்க, அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.