பெயர் போடாத ஜெபக்குறிப்பு

"என்ரை பிள்ளைக்குக் கட்டியெண்டு உனக்கு ஆரடி சொன்னது? அந்தப் பேர் தெரியாமல் நான் உந்தப் படலையை விட்டு அசையமாட்டன்!"

"மெல்லக் கதையுங்கோ அக்கா. நான் ஒருத்தற்றை பேரும் போடேல்லையே!"

"போடாததுதானடி வினை! போட்டிருந்தால் அந்த ஒருத்தியோடை போயிருக்கும். இப்ப மானிப்பாய் முழுக்க என்ரை பிள்ளையைப் பாத்து உச்சுக் கொட்டுது!"

சனிக்கிழமை காலை பத்து மணி. கத்தியவள் ஞானமலர். வாசல் படலைக்கு உள்ளே நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவள் தேவகுமாரி, தேவாலயத்து மாதர் சங்கச் செயலாளர். பக்கத்து வளவில் சிவக்கொழுந்து ஒரே சட்டியைக் கால் மணித்தியாலமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்ல முடியாத கவலை யாருக்காவது இருந்தால் செயலாளரிடம் மட்டும் சொல்லலாம். அவள் அதை "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்று பெயரில்லாமல் கைபேசிக் குழுவில் போடுவாள். சங்கத்துப் பெண்களும் முழு மனதோடு ஜெபிப்பார்கள். ஆனால் முதலில் அந்தச் சகோதரி யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆள் தெரியாமல் ஜெபித்தால் ஆண்டவருக்குக் குழப்பம் வரும் என்று நினைத்தார்களோ என்னவோ.

போன வாரக் குறிப்பு, மார்பில் கட்டி கண்டு பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு சகோதரியைப் பற்றியது. அதே நாளில் ஞானமலரின் மகள் நிமலினி ரீச்சர், வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி வந்ததைச் சங்கத்தின் இரண்டு கண்கள் கண்டுவிட்டன. அவளுக்குப் பல்வலி. பல்வலியை யார் நம்புகிறார்கள்? பொழுதுபடுவதற்குள் அவள் வீட்டுக்கு நான்கு சட்டி கோழிச் சூப் வந்து சேர்ந்தது. அவளுக்குச் சம்பந்தம் பேசியிருந்த கோப்பாய் மாப்பிள்ளை வீட்டாரோ, "பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்பம்" என்று போன் எடுத்தார்கள்.

உண்மையில் அந்தச் சகோதரி தேவகுமாரியேதான்.

பதினொரு நாளாக அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கணவர் நதானியேலிடம்கூட இல்லை. அவர் இரண்டு தும்மல் வந்தாலே மரணசாசனம் எழுதக் கடதாசி தேடுகிற மனிதர். கூட்டத்தில் தேவகுமாரி ஜெபித்தால் வெள்ளத்தில் அகப்பட்டவர்கள் முதல் சோதனை எழுதும் பிள்ளைகள் வரை ஒருவரும் விடுபடமாட்டார்கள். தனக்கென்று குசினியில் கண்ணை மூடினால் மட்டும் "ஆண்டவரே" என்பதோடு ஜெபம் நின்றுவிட்டது. வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். சோறு இறங்கவில்லை, நித்திரை இல்லை. சாறி பிளவுஸ் தொளதொளத்ததைப் பார்த்து, ஏதோ ஒரு கலியாண வீட்டுக்காக மெலிகிறாள் என்றுதான் ஒழுங்கையில் பேச்சு.

இப்போது ஒரு பொய் போதும். "அது சுன்னாகத்துப் பக்கம் ஒரு மனிசி, அக்கா" என்று சொன்னால் எல்லாம் முடியும். அதற்காக வாயைத் திறந்தபோதுதான் நிமலினியின் ஸ்கூட்டி வந்து நின்றது.

"அம்மா, வாங்கோ வீட்டை. சந்தி வரைக்கும் கேக்குது." பிறகு தேவகுமாரியின் பக்கம் திரும்பினாள். "அன்ரி, எனக்கு உங்களோடை கோவமில்லை. ஆரெண்டு சொல்லவும் வேண்டாம். அந்த மனிசியிட்டை ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. நான் காலமை எழும்பினவுடனை அவவுக்காகத்தான் ஜெபிக்கிறன். 'ஆண்டவரே, ஊராற்றை ஜெபமெல்லாம் விலாசம் மாறி என்னட்டை வருது, உரிய ஆளிட்டைக் குடுத்துவிடும்' எண்டு."

தேவகுமாரி படலைக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"அது நான்தான், பிள்ளை. எனக்குத்தான் கட்டி. கண்டு பதினொரு நாளாச்சு. செவ்வாய்க்கிழமை முடிவு சொல்லுவினம்."

பக்கத்து வளவில் சட்டி விழுந்தது. பத்திரிகையோடு வெளியே வந்த நதானியேல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞானமலர் அடுத்த வசவுக்காக மூச்சை இழுத்து வைத்திருந்தாள். அதை வீணாக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. படலைக்கு மேலால் தேவகுமாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணை மூடி, அதே குரலில் தொடங்கினாள்:

"ஆண்டவரே! இவள் ஒரு கள்ளி! பதினொரு நாளா எங்களுக்கு ஒளிச்சவள். எண்டாலும் எங்கடை கள்ளி. இவளைத் தனிய விடாதேயும். நாங்களும் விடமாட்டம். ஆமென்!"

"ஆமென்" என்றாள் நிமலினி. வேலிக்கு அப்பாலிருந்து சிவக்கொழுந்தும் "ஆமென்" என்றாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று "முருகா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் தேவகுமாரி. அவ்வளவுதான். வெள்ளமும் இல்லை, சோதனையும் இல்லை. கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது, செவ்வாய்க்கிழமையும் அப்படியே இருந்தது. ஆனால் பதினொரு நாளாக வாயைப் பொத்தியிருந்த கையை யாரோ எடுத்துவிட்டது போலிருந்தது. பக்கத்தில் ஆண்டவர் நிற்கிறார் என்பதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். தனக்கு அது தெரிந்தது அப்போதுதான்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, காலமைப் புட்டு மிச்சம் கிடக்கோ?" என்று கணவரைக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆறு பெண்கள் அவளோடு பஸ் ஏறினார்கள். நோயாளி யாரென்று கேட்ட தாதி, எல்லோரையும் விட வெளிறிப்போயிருந்த நதானியேலைத்தான் கதிரையில் இருத்தினாள். முடிவு நல்லது. வெறும் கொழுப்புக் கட்டி.

ஞாயிறு ஆராதனையில் தேவகுமாரி சாட்சி சொன்னாள். "எனக்குச் சமாதானம் செவ்வாய்க்கிழமை வரேல்லை. சனிக்கிழமை படலையடியிலை வந்தது. முடிவு வேறையா இருந்திருந்தாலும் அது என்னட்டைத்தான் இருந்திருக்கும்." வேறு யாரும் இப்படிச் சொன்னால் நம்புவது கடினம். ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் விட்ட குறட்டை வேலி தாண்டிக் கேட்டது என்று சைவக்காரி சிவக்கொழுந்தே சத்தியம் செய்கிறாள்.

கோப்பாய்க்காரர் மறுபடி போன் எடுத்தார்கள். "எனக்குக் காய்ச்சல் வந்தாலும் தள்ளி வைப்பியளோ?" என்று கேட்டு நிமலினி வைத்துவிட்டாள். அடுத்த தை மாதம், தானே விரும்பிய கொழும்புத்துறை றோகானைக் கட்டினாள். மூன்று நாள் கத்திய ஞானமலர், நான்காம் நாள் மருமகனைப் புகழத் தொடங்கி, இப்போது அவர்களோடேயே போய்விட்டாள். அதே ஒழுங்கையில் அவள் விட்டுப்போன வீட்டில் ஒரு வங்கி உத்தியோகத்தர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நல்ல மனிதர்கள், சத்தமே இல்லை. வந்து நான்கு மாதமாகியும் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட அறிய முடியாமல் சிவக்கொழுந்து வாடிப்போய்த் திரிகிறாள்.