அடி கருக்காத தக்காளி

எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் ஒன்று சர்க்கரை நோயில் விழுவார்கள், இல்லையென்றால் திருச்சபைக் கமிட்டியில். ரசலையன் சார் இரண்டிலும் விழுந்து, மிச்ச நேரத்துக்கு மாடித்தோட்டத்திலும் விழுந்தார்.

அதன்பிறகு யார் வீட்டுச் செடியும் நிம்மதியாக நிற்கவில்லை. அடியிலை மஞ்சளா, தழைச்சத்துக் குறைவு. இலையோரம் கருகலா, சாம்பல்சத்து. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, முற்றத்துக் கத்தரிக்கு இரும்புச்சத்து போதாது என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

அறுப்பின் பண்டிகையில், வீட்டில் விளைந்ததைக் கோயிலில் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். இந்த வருடத்தின் முதல் ஏலம் தன் தக்காளிதான் என்று சார் மைக்கிலேயே அறிவித்துவிட்டார்.

பண்டிகைக்கு முந்தின நாள் பறிக்கப் போனார். மேலே பார்த்தால் ஆப்பிள். திருப்பினால் ஒவ்வொன்றும் தோசைக்கல்லில் உட்கார்ந்து எழுந்ததுபோல அடி கருத்து, குழிந்து கிடந்தது. பிறத்தியார் வீடென்றால், “கால்சியம் குறைவு, தண்ணியும் ஒழுங்கா விடல்ல” என்று அரை நொடியில் தீர்ப்புச் சொல்லியிருப்பார். இது சொந்த வீடு. சபைக் கமிட்டிச் செயலாளராக இருந்துகொண்டு கண்ணேறு என்று சொல்லவும் கூடாது.

“பொறாமையாக்கும்” என்றார்.

படிவாசல் பக்கத்துத் தொட்டி மட்டும் பளபளவென்று காய்த்திருந்தது. சாருக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம் அதிகம். தான் எதுவும் செய்யாமல் அந்த மாடியில் ஒன்று நன்றாக நடந்துவிடுமா? மண்ணைக் கிளறினார். பாதி கரைந்த வெள்ளை மாத்திரைகள்.

“ஏட்டி ஞானசெல்வி! இது உனக்க எலும்பு மாத்திரையில்லா?”

மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் ரிஜோ எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையைத் தினமும் சார்தான் கையில் கொடுப்பார். மாடிக் காற்றில் நின்றால்தான் தொண்டையில் இறங்கும் என்று அவள் தம்ளரோடு ஏறிவிடுவாள்.

“சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கு, அத யாரு முழுங்குவா? செடிக்குப் போட்டேன். தண்ணியையும் அதுக்கே ஊத்தினேன்.”

“தினமுமா?”

“பின்ன? உங்கள மாதிரி ஓர்ம வரும்போ குடம் குடமா கொட்டிட்டு, பிறகு ஒரு வாரம் வாட்ஸப்புல கிடக்கச் சொல்லுதியளா?”

“நான் டாக்டர்ட்ட சொல்லுவேன்.”

“சொல்லுங்க. நான் கோயில்ல மைக்குல சொல்லுதேன்.”

பேச்சுவார்த்தை அத்துடன் சுமுகமாக முடிந்தது.

மறுநாள் ஏலத்துக்கு அந்த ஒற்றைத் தொட்டித் தக்காளிதான் வந்தது. என்ன உரம் என்று கூட்டம் கேட்டது. சார் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, பெண்கள் பக்கம் பார்த்தார். ஞானசெல்வியும் பார்த்தாள்.

“கர்த்தருடைய கிருபை” என்று உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சிறிய பேச்சு. கைதட்டலும் அதற்குத்தான் அதிகம்.

ஏலம் எடுத்தது டாக்டர் ரிஜோ. கூடையோடு நேரே ஞானசெல்வியிடம் வந்தார்.

“மாமி, மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுக்கியளா?”

“ஒண்ணுகூட வீணாப் போவல்ல, மக்கா” என்றாள், கூடையைப் பார்த்துக்கொண்டே.