மஞ்சள் ஏறாத குழிகள்

பத்து நாற்பதுக்கு அவள் தன் தப்பைத் தானே கண்டுபிடித்தாள். காட்டிக்கொடுத்தது, அவள் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகம். மாடியில் கணவன் மருந்துக்கு அனுமதி தரும் குழுவின் ஏழு டாக்டர்களுக்கு முன்னால் படம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். கீழே செல் வளர்க்கும் அறையில் இவள் சும்மா இருக்கப் பிடிக்காமல் பழைய பக்கங்களைப் புரட்டினாள். சும்மாவே இருந்திருக்கலாம்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே நொதி. பதினாலு வருஷமாக வீட்டிலும் அதே பேச்சுதான். மாமியார் அதை "உங்க மூத்த பிள்ளை" என்பார். அந்த மூத்த பிள்ளை செல்லின் சவ்வில் காலூன்றித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு நொதி வந்து அதன் கழுத்தில் ஒரு போடு போடும். கால் சவ்விலேயே கிடக்க, தலை மட்டும் ரத்தத்தில் ஊர் சுற்றப் போய்விடும். அறுந்த தலை அடங்கிக் கிடந்தால் தொல்லையில்லை, ஆனால் அது வேலையை விடாது. சில நோயாளிகளுக்கு இப்படித் தலைகள் பெருகி ரத்தக்குழாய் கெட்டுப்போகிறது.

வெட்டைத் தடுக்க மருந்து கிடைத்துவிட்டது என்பதுதான் கணவனின் பேச்சு. மருந்து போட்ட செல்களைச் சுற்றியிருந்த திரவத்தில் ஒரு தலைகூட இல்லை. பதினொன்றரைக்குக் குழுவின் தலைவரம்மா கையெழுத்துப் போட்டால், திங்கட்கிழமை பன்னிரண்டு நோயாளிகளுக்கு அந்த மருந்து ஏறும்.

அந்தச் செல்களை வளர்த்துத் தட்டுகளில் போட்டவள் அவள். வளர்ந்த இடத்திலிருந்து செல்களைப் பெயர்க்க டிரிப்சின் என்ற வெட்டும் நொதியை ஊற்ற வேண்டும். அது கண்மண் தெரியாமல் வெட்டும். நம் நொதியின் தலையையும் சேர்த்து மழித்துவிடும். புதுத் தட்டில் ஒரு ராத்திரி விட்டால் மறுபடி முளைக்கும், அப்புறம்தான் மருந்து. ஆனால் மருந்துக் குப்பி சொல்லாமல் கொள்ளாமல் வரும், வந்த அன்றே தீர்க்க வேண்டும். தயாராக இருந்த தட்டுகள் பாதிக்குத்தான் போதும். அவற்றை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மருந்தில்லாத பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, மருந்துப் பக்கத்துக்கு அன்று காலை பெயர்த்த செல்களையே போட்டிருக்கிறாள். சோதனை செய்த மூன்று தடவையும் அப்படித்தான். மழித்த தலையில் முடி உதிரவில்லை என்று மருந்தைப் புகழ்ந்த கதை.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மருந்து நிஜமாகவே வெட்டைத் தடுத்திருந்தால் தலைகள் செல்லிலேயே இருந்தாக வேண்டும். அன்றே உறையவைத்திருந்த இரண்டு பக்கத்துச் செல்களையும் உறைபெட்டியிலிருந்து எடுத்து உடைத்து, குழிகளில் விட்டு, சோதனைத் திரவத்தை ஊற்றினாள். நொதி இருந்தால் மஞ்சள் ஏறும், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். இருபது நிமிடம் ஆகும்.

பதினொன்று பத்துக்கு, மருந்தில்லாத செல்கள் இருந்த இடது பக்கம் மஞ்சள் பிடித்தது. மருந்து போட்ட வலது பக்கத்தில் ஒரு குழி லேசாக மஞ்சளடித்தது. தலைகள் இருக்கின்றனவோ! தட்டை நகர்த்திப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த மஞ்சள் குப்பைப் பையின் நிறம் அது. பதினொன்று இருபதுக்கும் வலது பக்கம் தண்ணீராகவே இருந்தது.

கணவனின் போன் அணைந்திருந்தது. தட்டைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு படியேறினாள். சாயங்காலம் வீட்டில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று மனசு ஆசை காட்டியது. அந்த ஆசை அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

உள்ளே தலைவரம்மா பேனா மூடியைக் கழற்றியிருந்தார். கணவன் முகமெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போடாதீங்கம்மா," என்றாள். "மருந்துத் தட்டு எல்லாம் நான் தப்பா போட்டது. மருந்து போடும்போது அந்தச் செல்லுல வெட்டறதுக்குத் தலையே இல்ல."

கணவன் வந்து தட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தான். பிறகு மேஜைக்குத் திரும்பி, தலைவரம்மாவிடமிருந்து கையெழுத்தாகாத அனுமதித் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இருவரும் வெளியே நடையில் நடந்தார்கள். இந்த மருந்துக்காகப் போட்ட மூன்று வருஷ உழைப்பு மண்ணாகிப் போயிருந்தது.

"என்னை வெளிய கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்," என்றான்.

"கூப்பிட்டிருந்தா, உள்ள போய் நீங்களே சொல்லியிருப்பீங்களா?"

அவன் நின்றான். கையில் இருந்த தாளைப் பார்த்தான்.

"தெரியல," என்றான்.

பொய் சொல்லத் தெரியாத மனிதன். திங்கட்கிழமைக்குக் காத்திருந்த பன்னிரண்டு பேரை நினைத்துப் பார்த்தாள். அவனை வெளியே கூப்பிட்டிருந்தால், அந்த மருந்து அவர்களுக்கு ஏறியிருக்கலாம்.