பத்து நிமிடச் சோதனை

பெட்டியின் மூடியைக் கழற்றி, கேபிளை மாற்றிச் சொருகிவிட்டுத் தம்பி மறுபடியும் கம்ப்யூட்டரைப் போட்டான். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் வைக்க மகள் கல்யாணத்தில் சிரித்தபடி நிற்கிற படம்தான் வேண்டும் என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றாள். அது இந்த ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை.

படம் நெற்றிவரை வந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். டிஸ்க்குக்குள் டிக், டிக் என்று சத்தம்.

ஒட்டகம் எட்டிப் பார்த்தான். முப்பது வருடம் அண்ணனோடு கிடங்கில் மூட்டை தூக்கியவன். கழுத்தை நீட்டி நடப்பதால் அந்தப் பெயர்.

"போட்டோன்னா முத ஆளா வந்து நிப்பானே. இன்னிக்கு என்ன மல்லுக்கட்டுறான்?" சிரிக்கப் பார்த்து, முடியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு போனான்.

போன மாதம் அண்ணன் இதே பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தம்பியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தான். சில நேரம் படம் திறக்கிறது, சில நேரம் திறப்பதில்லை என்றான். தம்பி பத்து நிமிடம் சோதனையை ஓட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணில் படாத கோளாறு கோளாறே இல்லை என்பது கடையில் அவனுக்குப் பழகிப்போன கணக்கு. ஒன்றுமில்லை, கொண்டு போ என்றான். அண்ணன் கிளம்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவியபடி, தனக்கும் எப்போதாவது இப்படிப் பிடிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றான். திருப்புளியைக் கீழே வைக்காமலே தம்பி ஏற இறங்கப் பார்த்தான்.

"நல்லாத்தானே இருக்க? அடிக்கடி வந்தா சொல்லு, பாத்துக்கலாம்."

நேற்றுக் காலை அண்ணன் முதுகில் மூட்டையோடு குப்புற விழுந்தான்.

கேபிளில் பழுதில்லை. மின்சாரத்திலும் இல்லை. தம்பி டிஸ்க்கைத் தொட்டான், சுட்டது. அணைத்து, கழற்றி, மின்விசிறிக்கு நேரே பிடித்துக் காத்திருந்தான். ஆறியபின் மாட்டினால் படம் முழுசாகத் திறந்தது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓடவிட்டுப் பார்த்தான். பதினைந்தாவது நிமிடம் டிக் என்றது. ஓடி ஓடிச் சூடேறினால் மட்டும் வருகிற கோளாறு. அன்றைக்குக் கடையில் இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். அண்ணனையும் உட்காரவைத்துத்தான் பார்த்தான். மாடிப்படி ஏறச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி வந்து திரையருகே நின்றாள்.

"நீ பாத்தா சரியாயிடும்னு தெரியும், தம்பி." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நெஞ்சு வலிக்குதுன்னாரே, டாக்டர்கிட்ட போலாம்னு நான் நச்சரிச்சேன். தம்பி பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டான், அவனுக்கு மேல ஒரு டாக்டரான்னு சிரிச்சாரு."

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அண்ணி..." என்று தொடங்கினான். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பென் டிரைவை உருவி அவளிடம் கொடுத்தான்.

தூக்குவதற்கு ஆள் கூப்பிட்டார்கள். ஒட்டகம் முன்பக்கம் அவனுக்கு இடம் விட்டான்.

"உனக்குப் பழக்கமில்ல. வலிச்சா சொல்லு, தோள் மாத்திக்கலாம்."

தெருமுனை திரும்புவதற்குள் தோள் எரிந்தது. ஒட்டகம் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.