போகும் வழியில் ஆறும் கைகள்

ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தவளின் கைகளில் படர்ந்த படை, அவள் சுகாதார அலுவலகத்தை நோக்கி நடக்கும்போது ஆறியது. வீடு திரும்பும்போது அதே இடங்களில் மறுபடி வந்து உட்கார்ந்தது. முதன்முறை அப்படி நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தபால் நிலையத்தைத் தாண்டும்போது முழங்கைச் செதில்கள் உதிர்ந்தன, பாலத்தின்மேல் மணிக்கட்டு தெளிந்தது, அலுவலகப் படியேறும்போது விரலிடுக்கில்கூட ஒன்றுமில்லை.

படை வந்ததும் மேற்பார்வையாளர் அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். குணமாகிவிட்டதென்று சுகாதார அலுவலர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வேலை. ஆறு மாதம் களிம்பு தடவினாள். கணவன் போய்ச் சேர்ந்து நான்கு வருடம். வீட்டில் அவளும் அவனுடைய அக்காவும்தான். அந்த நாத்தனார் கெட்டவள் அல்ல, பயந்தவள். இவள் தொட்ட தாழ்ப்பாளைத் துணி சுற்றித்தான் பிடிப்பாள்.

ஒரு ஞாயிறு கோயிலில் அந்தச் சுவிசேஷப் பகுதியை வாசித்தார்கள். தொழுநோயாளிகள் பத்துப் பேர் இயேசுவைக் கூப்பிடுகிறார்கள். அவர் தொடவில்லை, ஆசாரியர்களிடம் போய்க் காட்டுங்கள் என்கிறார். போகிற வழியில் சுத்தமாகிறார்கள். பல தடவை கேட்டதுதான். அன்று மட்டும் அது அவளைச் சும்மா விடவில்லை.

"ஆசாரியர் பார்த்து சரின்னாத்தான் ஊருக்குள்ள விடுவாங்க. புண் ஆறாம எப்படி அண்ணி கிளம்பினாங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் கேட்டாள்.

"போகச் சொன்னாரு, போனாங்க," என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"ஆறட்டும், போகலாம்னு நான் உட்கார்ந்திருக்கேன். அவங்க புண்ணோடயே கிளம்பிட்டாங்க."

அடுத்த செவ்வாய் அவளும் கிளம்பினாள். அலுவலர் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா. இல்லாத வியாதி குணமாச்சுன்னு எப்படி எழுதறது? ஒரே வீட்டுல கூட இருக்கறவங்க யாராவது வந்து, இருந்ததுன்னு சொல்லணும்."

நாத்தனார் நம்பவில்லை, வரவும் இல்லை. மழையிலும் வெயிலிலும் நாற்பத்தொரு செவ்வாய்க்கிழமைகள் அவள் தனியாகவே நடந்தாள். மூன்று ஜோடிச் செருப்பு தேய்ந்தது. தபால்காரர், நேரம் சொல்வதுபோல, "முழங்கை சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கடிதங்களைப் பிரிப்பார்.

நாற்பத்திரண்டாவது செவ்வாய் அவள் எழுந்திருக்கவில்லை. "இனிமே முடியாது அண்ணி," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். படையைவிட அந்த முதுகைக் கண்டுதான் நாத்தனார் அதிகம் பயந்தாள். வெகுநேரம் வாசலில் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "எழுந்திரு. நானும் வரேன்," என்றாள்.

பத்தடி தள்ளித்தான் வந்தாள். தபால் நிலையம் தாண்டியதும் ஐந்தடி. பாலத்தில் பக்கத்தில். அலுவலரிடம், "இருந்தது. இன்னைக்குக் காலையிலகூட இருந்தது. வழியில போயிடுச்சு. கண்ணால பார்த்தேன்," என்றாள். அவர் சற்று யோசித்து, 'தொற்றில்லை. இங்கு வரும்போது சுத்தமாக இருக்கிறார்' என்று எழுதி முத்திரை குத்தினார். மறுநாள் மேற்பார்வையாளர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, கையைப் பார்க்காமலே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் முத்திரை வாங்கிய அன்றே, வீடு திரும்பும் வழியில், பாலத்துக்கு இப்பால், மணிக்கட்டில் படை வரத் தொடங்கியது. நாத்தனார் அதைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"கை இல்ல அண்ணி. காலுதான்."

பேருந்து நிறுத்தப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். செதில்கள் ஒவ்வொன்றாக முழங்கைவரை ஏறுவதைப் பார்த்தபடி, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள்.