இளைத்த பிறகு

"போதும், வையி."

ஈவாவின் கை தட்டுக்கு மேலேயே நின்றது. பாதி முட்டைதான் தின்றிருந்தாள். அப்படிச் சொன்ன மரியபாக்கியம் மீதியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"டாக்டரு முழு முட்டை குடுக்கச் சொல்லியிருக்காரு மதினி," என்றாள் ராஜாத்தி, அடுப்பைப் பார்த்தபடியே.

"டாக்டரா வந்து தாலி கட்டப் போறாரு? எம் மகன்ல கட்டப் போறான்."

மரியபாக்கியம் ராஜாத்தியின் புருஷன் செல்லத்துரைக்கு அக்காள். அடுத்த தெருவிலிருந்து வேளை தவறாமல் வந்து, ஈவா என்ன தின்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போவாள். "லாரன்ஸுக்கு ஈவாதான். ஆனா இந்த ஒடம்போட கோயில்ல நிறுத்துனா ஊரு சிரிக்கும்" என்று அவள் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. லாரன்ஸும் ஒல்லியில்லை. அவன் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். அதை யாரும் பேசுவதில்லை.

அந்த வருஷக் கோடையில் செல்லத்துரை மகள் ஈவாவைச் சென்னைக்குக் கூட்டிப்போய், வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து கூட்டிவந்திருந்தார். அருப்புக்கோட்டையில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பிள்ளையின் மூச்சுத்திணறலுக்காகத்தான் செய்துகொள்கிறார்கள் என்று டாக்டர் நினைத்தார். வீட்டுக்குத்தான் தெரியும், லாரன்ஸுக்காக என்று.

சனிக்கிழமைதோறும் ராஜாத்தி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஆஸ்பத்திரி நர்ஸிடம் பேச வேண்டும்.

"முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடுறாளாம்மா?"

"சாப்புடுறா சிஸ்டர்."

"தினமும் நடக்குறாளா?"

"நடக்குறா."

நடந்தது மட்டும் உண்மை. தெருவில் யார் கண்ணிலும் படாமல், விடியுமுன் இருட்டிலேயே பந்தல்குடி ரோட்டில் நடந்துவிட்டு வருவாள். உடம்பு இறங்கியது. சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. ராஜாத்தி அதைச் சுருட்டி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

ஒருநாள் விடிகாலையில் ஈவா ரோட்டோரம் மயங்கி விழுந்தாள். டீக்கடை முத்துத்தாய்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"ஏத்தா ராஜாத்தி, பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லியா?" என்று வாசலில் நின்றே சத்தம் போட்டாள். தெருவே எட்டிப் பார்த்தது. ஏன் மயங்கினாள் என்று ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு, மத்தியானத்துக்குள் மூடிவைத்திருந்த ஆபரேஷன் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

சாயங்காலம் மரியபாக்கியம் வந்தாள். உட்காரவில்லை.

"தம்பி, எங்க வீட்டுல அவுக யோசிக்கிறாக. வயித்துல கத்தி பட்ட பிள்ளை, நாளைக்கு ஒண்ணு பெத்துக் குடுக்குமான்னு கேக்காக. லாரன்ஸுக்குக் காரியாபட்டியில ஒரு எடம் வந்திருக்கு."

செல்லத்துரை தரையைப் பார்த்தார்.

"எளைக்கச் சொன்னது நீங்கதான அத்தை?" என்றாள் ஈவா.

"எளைக்கத்தான சொன்னேன், அறுக்கவா சொன்னேன்?"

அவள் போய்விட்டாள். ராஜாத்திக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

சனிக்கிழமை ஈவாவும் கூடவே பூத்துக்கு வந்தாள். சிஸ்டர் வழக்கம்போல் முட்டையைப் பற்றிக் கேட்டாள். ராஜாத்தியால் "சாப்புடுறா" என்று சொல்ல முடியவில்லை. ரிசீவரை மகளிடம் நீட்டினாள்.

"இல்ல சிஸ்டர். பாதிதான் குடுத்தாக. பல நாளு அதுவும் இல்ல. மயங்கி விழுந்துட்டேன்."

அந்தப் பக்கம் சிஸ்டர் கத்தியது ராஜாத்திக்கும் கேட்டது. நியாயந்தானே என்று நின்றாள்.

"சரி சிஸ்டர். அடுத்த வாரம் டாக்டரப் பாக்க வாரேன்... அம்மா வேணாம், இனிமே நானே பேசுறேன்."

வெளியே வந்தார்கள். வெயில் இன்னும் தாழவில்லை. கடைவீதியில் நல்ல கூட்டம். ஈவா சந்துப் பக்கம் திரும்பாமல் வீதி நடுவே நடந்தாள். இருட்டட்டும் என்று சொல்ல வந்த ராஜாத்தி, சொல்லாமல் பின்னாலேயே போனாள்.

பூக்கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஈவா, இப்பிடி எளைச்சுட்ட! கல்யாணம் எப்ப?"

"அது நின்னுபோச்சுக்கா," என்றாள் ஈவா, நடையைக் குறைக்காமலே.