எட்டு ஓட்டை காலி

அந்தப் பார்சல் கம்பெனியின் பட்டறையில் அவளைக் கோட்டக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டை கட்டி ஆண்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆடுகிற சக்கரத்தைக் கம்பி கம்பியாக முடுக்கி நேராக்குவதற்குச் சைக்கிள் பட்டறையில் கோட்டம் எடுப்பது என்று பெயர். அறுபது சுமை சைக்கிள்களின் சக்கரங்களையும் பதினோரு வருடமாக அவள்தான் கட்டுகிறாள். அந்த அறுபதில் ஒன்றை ஓட்டுகிறவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை.

சுமை சைக்கிள் காற்று வாங்கப் போகிற வண்டி இல்லை. பின்னால் பெட்டி, பெட்டிக்குள் நூறு கிலோ, போகிற வழியெல்லாம் மேடும் பள்ளமும். அத்தனை பாரமும் கடைசியில் வந்து இறங்குவது சக்கரத்தின் நடுவில், கம்பிகள் புறப்படுகிற ஹப்பின்மேல்தான். பழைய ஹப்புகள் தேய்ந்துபோய்ப் புதிதாக வாங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கோட்டக்காரி யாரும் கேட்காமலே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஹப்பில் கம்பி மாட்டுகிற ஓட்டை முப்பத்தாறு இருக்க வேண்டும், வெளி வளையமான ரிம்மிலும் அதுதான் கணக்கு. கம்பி கோர்க்கிற தட்டு இரண்டும் தடியாக, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் பக்கவாட்டில் மடங்காது. அச்சு பருமனாக இருக்க வேண்டும். பளபளப்பு வேண்டவே வேண்டாம். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

ஹப் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். ஐந்து பேர். மழைக்குக்கூடப் பட்டறைப் பக்கம் ஒதுங்காதவர்கள். ஐந்து பேரும் இரண்டு நாள் கூடிப் பேசி, பிஸ்கட் தின்று, கடைசியில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? நிறத்தைப் பார்த்து!

"கம்பெனி பெட்டி ஆரஞ்சு, சட்டை ஆரஞ்சு. ஹப்பும் ஆரஞ்சா இருந்தா எடுப்பா இருக்கும்ல?" என்றார் மேனேஜர். கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான்.

கோட்டக்காரி அந்த ஹப்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தட்டு அப்பளம்போல மெல்லிசாக இருந்தது.

"சார், இதுல இருபத்தெட்டு ஓட்டைதான் இருக்கு. நம்ம ரிம்ல முப்பத்தாறு."

"அப்போ ரிம்ல எட்டு ஓட்டையைக் காலியா விட்டுடும்மா. என்ன குறைஞ்சிடப் போவுது?"

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டால் பட்டறை நாய்கூடத் திரும்பிப் பார்க்கும். அவள் எவ்வளவோ சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். "ஒரே ஒரு வீல் கட்டிக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார் மேனேஜர். சரி, கட்டிக் காட்டுவோம், அது தாறுமாறாக ஆடட்டும், கண்ணால் பார்த்தாலாவது புத்தி வரட்டும் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

அங்கேதான் அவள் கை அவளுக்கே எதிரியானது. சக்கரத்தைக் கோர்த்துச் சுழற்றிவிட்டாள். நினைத்தபடியே ஆடியது. அப்படியே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். ஆனால் பதினோரு வருடப் பழக்கம், ஆடுகிற சக்கரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? அரைச் சுற்று இங்கே முடுக்கினாள், கால் சுற்று அங்கே தளர்த்தினாள். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. இரண்டு மணி நேரத்தில் சக்கரம் தண்ணீர்போலச் சுற்றியது.

"பாத்தியா, நல்லாத்தானே சுத்துது!" என்று சிரித்தார் மேனேஜர்.

"சும்மா சுத்தும் சார். சுமை தாங்காது. இதுல யாரையும் ஏத்தாதீங்க."

டயரில் சாக்பீஸால் 'ஏறாதே' என்று பெரிதாக எழுதி மூலையில் சாத்தி வைத்தாள். மறுநாள் பல் பிடுங்க லீவு போட்டிருந்தாள். அன்றைக்குத்தான் தங்கையின் வண்டியில் பின்சக்கரக் கம்பி இரண்டு அறுந்தது. மேனேஜர் ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு, "அந்தப் புது வீலை மாட்டி அனுப்பு, ஓடிப் பாத்தாத்தானே தெரியும்" என்றார். சாக்பீஸ் எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டினார்கள். அதற்கு மட்டும் அவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது.

பாலத்துச் சரிவில் சக்கரம் சப்பாத்தியாக மடிந்தது. ஹப்பின் தட்டு மூன்று ஓட்டை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தங்கைக்கு வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்ததால் உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கை கேட்டது ஒரே கேள்வி.

"நீதானேக்கா கட்டினே?"

கோட்டக்காரி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் டைப் அடித்த இரண்டு கடிதங்கள். ஒன்றில், சக்கரத்தில் கோட்டம் சரியாக எடுக்கப்படாததால் விபத்து என்று இருந்தது. இன்னொன்றில், ஓட்டியவர் அளவுக்குமேல் சுமை ஏற்றியதால் விபத்து என்று இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை இவர்கள் டைப் அடித்தே வைத்திருந்தார்கள்.

"முதல் கடிதத்துல கையெழுத்து போட்டா உனக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். போடலேன்னா ரெண்டாவதுதான் ஃபைலுக்குப் போகும். உன் தங்கச்சிக்கு வேலை போயிடும். எது வேணும்னு நீயே தேர்ந்தெடும்மா."

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

"ஹப் தேர்ந்தெடுக்கும்போது என்னை உள்ளேயே விடலே. எங்க ரெண்டு பேர்ல யார் தலையை உருட்டலாம்னு தேர்ந்தெடுக்க மட்டும் நான் வேணுமா சார்?"

அவள் முதல் கடிதத்தைத் திருப்பிப்போட்டு, பின்பக்க வெள்ளையில் எழுத ஆரம்பித்தாள். எழுதியதை உரக்கப் படித்தாள்.

"எட்டு ஓட்டையைக் காலியாக விட்டுக் கட்டச் சொன்னார்கள். தப்பு என்று தெரிந்தே கட்டினேன். ஆட வேண்டிய சக்கரத்தை என் கைத்திறமையால் ஆடாமல் காட்டினேன். அதுதான் என் குற்றம். பார்சல் சீட்டுப்படி தங்கை ஏற்றிய சுமை தொண்ணூறு கிலோ, அனுமதி நூறு."

கையெழுத்தும் போட்டாள்.

"இதை ஃபைல்ல வைக்க முடியாதும்மா, எங்க பேரெல்லாம் இழுபடும்" என்று பதறினார் மேனேஜர்.

"உங்க பேர் ஒண்ணுகூட இதுல இல்லையே சார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது போல."

இரண்டாவது கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். "மறுபடி டைப் அடிங்க. அடிச்சா இந்தத் தாளோட நகலை அறுபது வண்டிப் பெட்டியிலயும் நானே ஒட்டுவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பயம் கொஞ்சம், கோபம் நிறைய. கோபத்தில் பாதி தன்மேலேயே இருந்தது.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தை நேராக்கியதையும் மறைக்கவில்லை. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்தபடி தங்கை கடைசிவரை கேட்டாள்.

"உன் வேலை இருக்கா, போச்சா?"

"தெரியலே. நாளைக்குக் காலைல எப்பவும் போலத்தான் போகப்போறேன்."

"என் வண்டிக்கு வீல் யார் கட்டுவா?"

"நான்தான். முப்பத்தாறு ஓட்டை ஹப் வராம ஒரு கம்பியையும் தொடமாட்டேன்."

தங்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷம் அக்கா கட்டினதுன்னு குனிஞ்சுகூடப் பாக்காம ஏறினேன். இனிமே கம்பியை எண்ணிப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்."

"எண்ணு" என்றாள் கோட்டக்காரி.